முழங்காலும் முடிந்து வைத்த காசும்

கோலகுபு பாருவை ஒட்டிய அம்பாங் பெச்சாவிலிருந்து மேற்கே ஈஜோக், புக்கிட் ரோத்தான் வரைக்கும், வட சிலாங்கூர்த் தோட்டப்புறத்துக் குடும்பம் ஒன்றில் யாருக்காவது கால் முறிந்தால் முதல் வாரத்திலேயே இரண்டு வேலைகள் நடந்துவிடும். ஒருவர் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் பாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைவார். வீட்டுப் பெரியவர் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து முருகன் படத்தடியில் வைப்பார். கால் சரியானால் தைப்பூசத்துக்குப் பத்துமலை ஏறிப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். பாரத்துக்குச் சட்டம் இருக்கிறது, தேதி இருக்கிறது, முத்திரை குத்த ஆள் இருக்கிறார். முடிந்து வைத்த காசுக்கு அப்படி எழுதிவைத்த விதி ஏதும் இல்லை. அதனால்தான் தைப்பூசம் நெருங்கும்போது வீட்டில் வாக்குவாதம் கிளம்புகிறது. எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரே சொல்கிறது. ஆனால் கால் இன்னும் முழுசாக மடங்கவில்லை, படி இறங்கினால் வலிக்கிறது. கால் ‘சரியாகிவிட்டது’ என்று யார் தீர்ப்புச் சொல்வது? அந்தக் காலோடு ஏறினால் அது பக்தியா, திரும்பக் கிடைத்ததைப் பாழாக்குவதா? ஏறாமல் விட்டால் சாமியிடம் பட்ட கடனைத் தட்டிக்கழித்ததாகுமா? என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடனுக்குத் தவணை குறிக்கிற உரிமை எலும்புக்கும் தசைக்கும் உண்டு, பஞ்சாங்கத்துக்குக் கிடையாது. டாக்டரைத் திருப்திப்படுத்துவதற்காகச் சமயத்தை வளைத்துச் சொல்லும் பேச்சாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. சைவம் தன் கதைகளிலும் தத்துவத்திலும் தானாகவே வந்து நிற்கிற இடம் இதுதான் என்பது என் வாதம்.

முதலில் முழங்காலைப் பார்ப்போம், ஏனென்றால் இந்த வாக்குவாதத்தில் எல்லாரும் பேசுவார்கள், அதை மட்டும் யாரும் கேட்பதில்லை. முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பின் மேல்தட்டு, உடம்பின் எடையை ஏற்கிற மேடை. செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் வழுக்கியோ, மழையில் பாசி பிடித்த வாய்க்கால் பலகையில் குலையோடு சரிந்தோ விழுகிறவருக்கு உடைவது அந்த மேடையாக இருக்கலாம். முன்னால் இருக்கும் சில்லாகவும் இருக்கலாம். மேடை பிளந்தால் பிளேட்டும் ஸ்க்ரூவும் வைப்பார்கள், சில்லு உடைந்தால் பெரும்பாலும் கம்பி போட்டு இழுத்துக் கட்டுவார்கள். எலும்பு கூட ஏறத்தாழ மூன்று மாதம். மேடை உடைந்தவர் அதில் ஆறு வாரமோ அதற்கு மேலோ அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, தோங்காட்டில், அதாவது ஊன்றுகோலில்தான் நடமாட்டம். கால் சும்மா கிடக்கிற அந்த வாரங்களில் தொடையின் முன்தசை வற்றிப்போகிறது. எலும்பு கூடிய பிறகும் இந்தத் தசை தேறப் பல மாதம் பிடிக்கும். எக்ஸ்ரே படத்தில் அது தெரியாது என்பதால் வீட்டில் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. படி ஏறுவதைவிட இறங்குவதுதான் இந்தத் தசைக்குச் சோதனை. இறங்கும்போது மடங்கிய ஒற்றை முழங்கால் உடம்பு முழுவதையும் பிடித்து நிறுத்தி, மெதுவாக அடுத்த படிக்கு இறக்கிவிட வேண்டும். அந்த நேரத்தில் சில்லுக்கு அடியில் விழும் பளு உடல் எடையைப் போலப் பல மடங்கு. பத்துமலையில் 272 படி என்கிறோம். மூட்டின் கணக்கில் அது 544. அதுவும் வெறுங்காலில், பால் சிந்தி வழுவழுத்த செங்குத்துப் படியில், முன்னாலும் பின்னாலும் கூட்டம் நெரிக்க.

உடைந்த முழங்காலோடு மலைக்குத் திரும்புகிற கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்சி வோன் 2013 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் நடந்த உலகப் போட்டியில் விழுந்தார். முழங்காலின் இரண்டு தசைநார்கள் அறுந்தன, நான் மேலே சொன்ன அதே எலும்பு மேடையும் பிளந்தது. அடுத்த ஆண்டு சோச்சி ஒலிம்பிக்ஸ். அதற்குள் தயாராகிவிட வேண்டும் என்று அவர் அந்த நவம்பரிலேயே பயிற்சியில் இறங்க, சரிசெய்த நார் மறுபடி கிழிந்தது. சோச்சிக்குப் போக முடியவில்லை. 2018இல் பியோங்சாங்கில் வெண்கலம் வாங்கினார். அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றார். 2024இல் வலது முழங்காலில் ஒரு பகுதியைச் செயற்கையாக மாற்றிக்கொண்டு, 40 வயதில் மறுபடி போட்டிக்கு வந்து, 2025 மார்ச்சில் சன் வேலியில் இரண்டாம் இடம் பிடித்தார். இந்தக் கதையைப் ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்பதற்குச் சான்றாக நான் காட்டவில்லை. மலைச்சரிவில் எதுவும் உத்தரவாதமில்லை, நன்றாகத் தேறிய காலும் உடையலாம். ஒரு சின்ன விஷயத்துக்காகத்தான் சொல்கிறேன். உலகத்திலேயே சிறந்த மருத்துவமும், அந்தக் காலை நம்பியே வாழ்க்கையும் இருந்த ஒருவர் குறித்த தேதிக்குக்கூட மூட்டு இணங்கவில்லை. தைப்பூசத்துக்கு மட்டும் இணங்கும் என்று எதை வைத்து நம்புகிறோம்?

பக்தி உள்ளவர் இதற்கு உடனே பதில் வைத்திருப்பார்: மூட்டு இணங்காது, முருகன் இணங்குவான். வலிதானே காணிக்கை? வலிக்கும் என்று தெரிந்து தள்ளிப்போட்டால் அது என்ன வேண்டுதல்? இதற்குத் துணையாக அவர் திருநாவுக்கரசரை அழைக்கலாம். அழைத்தால் அது வலுவான சாட்சிதான். பெரியபுராணத்தில் சேக்கிழார் விவரிக்கும் கயிலைப் பயணத்தைப் படித்தவர்கள் அதை மறக்க முடியாது. முதிய அப்பர் வடக்கே போகிறார். நடந்து நடந்து பாதம் தேய்கிறது. கையால் தவழ்கிறார், கையும் தேய்கிறது. மார்பால் நகர்கிறார், அதுவும் நைந்துபோக உருண்டு போகிறார். எதிரே வந்த முனிவர், கயிலை மனிதர் போய்ச் சேரக்கூடிய இடமில்லை, திரும்பிப் போ என்கிறார். பார்க்காமல் இந்த அழியும் உடம்போடு திரும்பமாட்டேன் என்கிறார் அப்பர். உடம்பைப் பணயம் வைக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் தமிழில் கிடையாது என்று தோன்றும். ஆனால் கதை அந்த இடத்தில் முடியவில்லை. முனிவராக வந்தவர் சிவன். அவர் முதலில் செய்தது என்ன? தேய்ந்த உறுப்புகளைத் திரும்பக் கொடுத்து, எழுந்திரு என்றது. அப்புறம்தான் காட்சி. அதுவும் மலை உச்சியில் இல்லை. அங்கிருந்த குளத்தில் மூழ்கச் சொல்லி, காவிரிக்கரையில், திருவையாற்றுச் சமவெளியில் கயிலையைக் காட்டினார். மன உறுதியைப் பார்த்துத்தானே இறைவன் இறங்கிவந்தார் என்று கேட்கலாம். அது சரி, மறுக்கவில்லை. ஆனால் உறுதியை ஏற்றுக்கொண்டவர் தேய்ந்த காலை விலையாக வாங்கிக்கொள்ளவில்லை, முதல் வேலையாக அதைத் திருப்பித் தந்தார். கண்ணப்பர் கதையிலும் இதே போக்கு உண்டு. இரண்டாவது கண்ணைப் பெயர்க்கப் போன கையைத் தெய்வமே பிடித்து நிறுத்துகிறது. நம் அடியார் கதைகளில் கடுமை நிறைய இருக்கிறது. சிறுத்தொண்டர் கதையைப் படித்துவிட்டு அதை மறுக்க முடியாது. என்றாலும் அங்கேயும் கறியான பிள்ளை கடைசியில் ஓடிவருகிறான். கேட்டதைத் திருப்பிக் கொடுக்காத தெய்வம் அந்தக் கதைகளில் இல்லை.

வழக்கத்தில் இது இன்னும் தெளிவு. வைத்தீஸ்வரன் கோயிலிலோ சமயபுரத்திலோ கடைவீதியில் வெள்ளித் தகட்டில் அச்சடித்த உறுப்புகள் விற்கும். கண், கை, கால், வயிறு என்று தனித்தனியாக. கால் என்றால் விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய தகடு. முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன மேடு, கீழே பாதம் போல ஒரு வளைவு. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது. கால் குணமானவர் அதை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, தன் காலில் நடந்து ஊர் திரும்புவார். வேளாங்கண்ணியில் கிறிஸ்தவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். சாமிக்குக் காலின் உருவம், மனிதனுக்குக் கால் என்ற இந்தப் பங்கீட்டைப் பேராசிரியர்கள் யாரும் வகுத்துத் தரவில்லை. கும்பிடுகிற சனங்களே கண்டுகொண்டது. முடிந்து வைக்கும் காசும் அப்படித்தான். அது எதற்காக? உடனே செய்ய முடியாத வேண்டுதலை மறக்கவில்லை என்று காட்டத்தான். இன்றைக்கே செய்துவிட முடியும் என்றால் காசு முடிய வேண்டிய அவசியமே இல்லை. தாமதத்துக்கென்றே ஒரு சடங்கை வைத்திருக்கிற மரபைப் பார்த்து, தாமதம் குற்றம் என்று எப்படிச் சொல்ல முடியும்? இன்னும் சந்தேகம் என்றால் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு உத்தரவு கேட்கிற பழக்கமும் இருக்கிறது. அதை மருத்துவக் கருத்தாக நான் ஏற்கவில்லை. ஆனால் ‘இல்லை’ என்றும் சாமி சொல்லலாம் என்று அந்தப் பழக்கம் ஒத்துக்கொள்கிறது. படியேறியே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கிற பக்தர் அதைக்கூட ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொரு பக்கமிருந்து வினைக் கொள்கை வரும். போன பிறவியில் செய்தது, இந்தக் கால் முறிந்தது. அனுபவித்துத்தான் ஆக வேண்டும். பிசியோவுக்கு ஓடி என்ன ஆகப்போகிறது? அம்பாங் பெச்சாக்காரர்களுக்கு இந்த மாதிரிக் காரணம் சொல்லும் பழக்கம் புதிதல்ல. 1883இல் அங்கே அணை உடைந்து கோலகுபுவை வெள்ளம் அடித்தபோது மாவட்ட ஆட்சியாளர் செசில் ரேங்கிங் இறந்தார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டார், அதனால்தான் உடைந்தது என்று ஊரில் இன்றைக்கும் கதை. முதலைக் கதை யாரால் என்று கேட்கிறவர்களுக்குப் பதில். மழையும் மண்ணும் எப்படி என்று கேட்கிறவர்களுக்குப் பதில். இரண்டில் எதை நம்பினாலும் அடுத்து என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும். ஈயச் சுரங்க மண் ஆற்றில் படிந்து, வெள்ளம் மேலும் மேலும் வந்து, 1926 பெருவெள்ளத்துக்குப் பிறகு ஊரையே மேட்டுக்கு மாற்றி, 1930 வாக்கில் கோலகுபு பாரு எழுந்தது. முதலைக் கதையை நம்பியவர்களும் மேட்டுக்குத்தான் குடிபோனார்கள். வினைக்கும் மருந்துக்கும் உள்ள உறவைச் சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார். இன்றைய திருச்செங்கோட்டில் அவரோடு வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் வாட்டியபோது பிறந்ததாகச் சொல்லப்படுவது திருநீலகண்டப் பதிகம். அந்த வினைக்கு இந்தப் பலன் என்று பேசிக்கொண்டு, பிழைக்கும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்கள் குறையல்லவா என்று அதன் தொடக்கத்திலேயே அவர் கேட்கிறார். வினையை மறுத்துப் பேசிய நாத்திகர் இல்லை அவர். வினையை ஒத்துக்கொண்டே, அதைச் சாக்காக்கக் கூடாது என்கிறார். அவர் தேடிய வழி பதிகம், பிசியோ இல்லை என்று யாராவது சொல்லலாம். வழியைத் தேடு என்பதுதான் கட்டளை. எந்த வழி என்பது நோயைப் பொறுத்தது.

உடம்பே பொய், அது போனால் என்ன என்பவர்களுக்குப் பட்டினத்தார் கைகொடுப்பார். அவர் பாடல்களில் உடம்பின் மேல் உள்ள அருவருப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தோட்டத்துக் கோயிலில் பாடப்படும் சைவத்தின் அடித்தளம் பட்டினத்தார் இல்லை, மெய்கண்டார் வழி வந்த சித்தாந்தம். அதன் கணக்குப்படி ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு இறைவன் நான்கு கொடுக்கிறான். தனு, கரணம், புவனம், போகம். முதலில் நிற்பது தனு, இந்த உடம்புதான். உமாபதி சிவம் திருவருட்பயனில் மாயையை விடியும் வரைக்கும் எரியும் விளக்குக்கு ஒப்பிடுகிறார். பகலவன் வந்த பிறகு விளக்கு வேண்டாம் என்பது உண்மை. விடியுமுன்னே அதை ஊதி அணைப்பதும் மடமை. திருமூலரும் உடம்பை முதலில் இழிவாக எண்ணியிருந்ததாகவும் பிறகு அதற்குள் இருப்பதைக் கண்டு பேணத் தொடங்கியதாகவும் திருமந்திரத்தில் சொல்கிறார். இந்தச் சித்தாந்தத்தைப் பேச்சுப்போட்டியில் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து முழங்கால் விஷயத்தில் மட்டும் பட்டினத்தாராகிவிடுவது நம்மவர்களின் வினோதம்.

இவ்வளவு சொன்னால், ‘அப்படியானால் ஏறாமலே இருந்துவிடலாமே’ என்று ஒரு கூட்டம் கைதட்டும். ஒரு தடவை காப்பாற்றினான், மறுபடி எதற்குச் சோதிப்பது? வீட்டிலிருந்தே கும்பிடு. 1929 கடைசியில் பெரியார் மலாயா வந்துபோன காலத்திலிருந்தே, ஏழைத் தொழிலாளி உடம்பை வருத்தி, காசைக் கரைத்துக் காவடி எடுப்பது எதற்கு என்ற கேள்வியும் இங்கே ஓயவில்லை. அந்தக் கேள்வியில் அக்கறை இருக்கிறது. ஆனால் தோட்டத்தில் ஒரு காலின் கதை அதற்குத் தெரியவில்லை. 1917இல் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோக்கோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்ட காலம் தொட்டும் சரி, அதற்கு முன்னாலிருந்த பால்மரக் காலத்திலும் சரி, தொழிலாளியின் கால் கணக்குப் புத்தகத்துக்குச் சொந்தம். எத்தனை மரம், எத்தனை குலை, எத்தனை நாள் பேர் போட்டது என்பதுதான் காலின் மதிப்பு. சொக்சோ 1971இல் வந்தது பெரிய ஆறுதல். 2007இல் வேலைக்குத் திரும்பும் திட்டமும், 2014இல் மலாக்காவில் மறுவாழ்வு மையமும் வந்தன. அவற்றைக் குறைசொல்ல எனக்கு எதுவும் இல்லை. இருந்தாலும் அவற்றின் பெயரிலேயே தெரிகிறது, திரும்ப வேண்டிய இடம் வேலை. அந்த மனிதன் தனக்காக, தான் விரும்பிய ஒன்றுக்காகத் திரும்புகிற இடம் பத்துமலைப் படிதான். கூலிக்காக ஏணியிலும் வாய்க்கால் பலகையிலும் அந்தக் காலைப் பணயம் வைக்கும்போது யாரும் ‘எதற்கு’ என்று கேட்பதில்லை. வேண்டுதலுக்காக வைத்தால் மட்டும் புத்தி சொல்ல வருகிறோம். சித்தாந்தத்தின்படியும் உடம்பு தரப்பட்டது பயன்படுத்தத்தான், பத்திரப்படுத்தி வைக்க இல்லை. தேறிய கால் ஏறலாம். ஏற வேண்டும் என்றே சொல்வேன்.

அப்படியானால் நடுவில் இருக்கும் அந்த மாதங்கள் எதில் சேர்த்தி? இதில்தான் நம் வாக்குவாதம் வழிதவறுகிறது. விரதத்தையும் வேண்டுதலையும் தைப்பூசத்துக்கு முந்தைய ஒரு மண்டலத்தோடு அடைத்துவிடுகிறோம். அதற்கு முன்னால் நடப்பதெல்லாம் மருத்துவம், உலக காரியம். காவடி எடுக்கிறவர் விரதம் இருப்பது ஏன்? சுத்தம் என்பார்கள். அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. சாமியின் முன்னால் கொண்டுபோகிற உடம்பைத் தயார்படுத்துகிற காரியமும் அதில் இருக்கிறது. சாப்பாட்டைக் குறைப்பது, தரையில் படுப்பது, நேரத்துக்கு எழுவது எல்லாமே ஒழுங்கு. முறிந்த முழங்காலுக்கு அதே ஒழுங்கு வேறு வடிவில் வருகிறது. குதிகாலைப் படுக்கையில் இழுத்து இழுத்து மூட்டை மடக்குவது, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்துவது, வலித்தாலும் காலையும் மாலையும் விடாமல் செய்வது. இதைப் பக்தி என்று சொல்வது மிகை, உடற்பயிற்சியை யார் வேண்டுமானாலும் செய்யலாம், நாத்திகனும் செய்கிறான் என்று மறுக்கலாம். நாத்திகனும் பட்டினி இருக்கலாம், வெறும் உடல் இளைக்க. பட்டினியை விரதமாக்குவது அதைக் கொண்டுபோய் வைக்கிற இடம்தானே? துண்டை அழுத்துகிற அந்தப் பத்து நிமிடத்துக்கும் அந்த இடமே போதும். வலியைக் காணிக்கையாகக் கொடுக்க ஆசைப்படுகிறவருக்கும் இங்கே குறைவில்லை. கூடிவருகிற மூட்டை மடக்குகிற வலி அலகு குத்துவதைவிடக் குறைந்தது என்று அனுபவிக்காதவர்தான் சொல்வார். ஒரே வித்தியாசம், இதைப் பார்க்கக் கூட்டம் இருக்காது, மேளம் இருக்காது. காவடிக்குக் கூட்டம் தேவைதான், மறுக்கவில்லை. கூட்டமே காவடி ஆகிவிடக் கூடாது.

இனி மின்படிக்கட்டு. 2024 தைப்பூசத்தை ஒட்டி ஆலய நிர்வாகம் பத்துமலையில் அதை அமைக்கும் திட்டத்தை அறிவித்ததும் இரண்டு தரப்பும் கிளம்பின. படியேறினால்தான் புண்ணியம் என்பது ஒரு தரப்பு, முதியவர்களை நினைத்துப் பாருங்கள் என்பது இன்னொன்று. பழனியில் 1966இலேயே இழுவை ரயில் வந்துவிட்டது, 2004இல் ரோப் கார் வந்தது. அதற்குப் பிறகும் படியேறுகிற கூட்டம் குறைந்துவிடவில்லை. ஆகவே படியின் மகிமை போய்விடும் என்ற அச்சம் எனக்கு இல்லை. ஆனால் இரண்டு தரப்பும் ஏறுவதைப் பற்றியே பேசுகின்றன. கால் முறிந்து தேறியவருக்குப் பெரிய சோதனை இறக்கம் என்று மேலே பார்த்தோம். படியேறி வருவதாகத்தான் சனங்கள் நேர்ந்துகொள்கிறார்கள். படியிறங்கி வருவதாக நேர்ந்துகொண்ட யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. பால் அபிஷேகமானதும் கடன் தீர்ந்தது. அதற்கப்புறம் இறங்குவது வெறும் வீட்டுக்குப் போகிற வழி. முட்டியில் பிளேட்டு வைத்தவர் படியில் ஏறி மின்படிக்கட்டில் இறங்கினால் எந்தச் சாத்திரத்துக்கும் நட்டமில்லை. திட்டம் போடுகிறவர்கள் இறக்கத்துக்கும் ஒரு பாதை இருப்பதை உறுதிசெய்தால் போதும். அது வரும்வரை கைப்பிடிக் கம்பியை ஒட்டி, கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, பிசியோ சொல்லிக்கொடுத்தபடிதான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.